72 மேளம் காத்திருக்கட்டும்

“ஏனுங்க மாஸ்டர், பத்து வருசமா கீபோர்டு வாசிக்கறனுங்க, தியரி ஒண்ணுமே தெரியாதுங்க. இனிமேப் படிச்சா ஏறுங்களா?” பல்லடம், சோமனூர் பக்கம் இசை சொல்லிக்கொடுக்கும் எவரும் இந்தக் கேள்விக்குத் தப்ப முடியாது. கேட்பவர் பகலில் தறிக்குடோனில் நிற்பவராக இருப்பார், அல்லது பனியன் கம்பெனியில் பவர் டேபிள் ஓட்டுபவராக இருப்பார். பொங்கல் சாட்டிய ஊரில் மெல்லிசைக் குழுவோடு மேடை ஏறுவார். மார்கழி பஜனையில் ஆர்மோனியம் பிடிப்பார், சர்ச்சில் பாடகர் குழுவில் நிற்பார், வள்ளி கும்மிக்குப் பின்பாட்டுப் பாடுவார். கை நன்றாக ஓடுகிறது. அது ஓடுகிற வழிக்குப் பெயர்தான் தெரியவில்லை.

ஏறுங்க. ஆனால் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற வரிசையில் ஏறாது. பெரியவர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு. ஒரு புத்தகம் வாங்குவார்கள், அதில் 72 மேளகர்த்தா அட்டவணை இருக்கும், கனகாங்கியில் தொடங்கி ரசிகப்பிரியா வரை மனப்பாடம் செய்யப் புறப்படுவார்கள். சுத்த மத்திம மேளங்களைத் தாண்டுவதற்குள் ஆர்வம் தீர்ந்துவிடும். அட்டவணைமேல் குற்றமில்லை. வேங்கடமகி 17ஆம் நூற்றாண்டில் வகுத்த அந்தக் கணக்கு அழகானது. ஆனால் நாளை மேடையில் பாடகர் “அரைக் கட்டை இறக்கிக்கலாமா” என்று கேட்டால் அந்த மனப்பாடம் கைகொடுக்காது.

வயதுவந்த பிறகு இலக்கணம் படித்தவர்களில் நமக்கெல்லாம் தெரிந்தவர் இளையராஜா. அண்ணன் பாவலர் வரதராஜன் குழுவில் ஊர் ஊராக வாசித்துத் தேர்ந்த பிறகுதான், 1960களின் கடைசியில் சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை எழுதவும் படிக்கவும் கற்றார். 1943-ல் பிறந்தவர், அப்போது வயது இருபத்தைந்தை ஒட்டி. டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசை கற்றது அதற்கும் பிறகு. அவர் மேதை, அந்தக் கணக்கு நமக்குப் பொருந்தாது. வரிசை பொருந்தும். காதில் பாட்டு முதலில் சேர்ந்தது, பெயர்கள் பின்னால் வந்து அதன்மேல் ஒட்டிக்கொண்டன. உங்களுக்கும் பத்து வருடப் பாட்டு காதில் இருக்கிறது. ஆகவே ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்கு எது விளக்கம் தருகிறதோ அந்தத் தியரியை முதலில் எடுங்கள். மற்றதைத் தள்ளிவையுங்கள்.

முதலில் சுருதி. இதெல்லாம் தியரியா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. மற்ற பாடமெல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது. தம்புராவின் மந்தர சட்ஜக் கம்பியை மட்டும் மீட்டி, ஓசை அடங்கும்வரை காதைக் கொடுங்கள். சட்ஜத்துக்கு மேலே பஞ்சமம் கேட்கும். இன்னும் கவனித்தால் அந்தர காந்தாரமும் கேட்கும். யாரும் மீட்டாத சுரம் அது. கம்பி முழு நீளத்தில் அதிரும்போதே பாதியாகவும், மூன்றில் ஒரு பங்காகவும், நான்கில், ஐந்தில் ஒரு பங்காகவும் அதிர்கிறது. ஐந்தில் ஒரு பங்கின் ஒலிதான் அந்தக் காந்தாரம். சுரங்களை யாரோ உட்கார்ந்து சட்டம் போட்டு வைக்கவில்லை, ஒலிக்குள்ளேயே சில இடங்கள் தாமாக அமைந்திருக்கின்றன என்பது அந்த ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

இதிலிருந்தே கீபோர்டுக்காரருக்கு ஒரு பாடம் கிடைக்கிறது. கீபோர்டில் ஒரு ஸ்தாயியை 12 சமப் பங்காக வெட்டி, ஒரு பங்குக்கு 100 சென்ட் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அதன்படி பஞ்சமம் 700-ல் நிற்கும். தம்புராவில் தானாக ஒலிக்கும் பஞ்சமம் 702. அந்த இரண்டு சென்ட்டைக் காது பொருட்படுத்தாது. காந்தாரம் அப்படியில்லை. கீபோர்டில் 400, தம்புராவில் 386. பாடகி சங்கராபரணக் காந்தாரத்தில் நீளமாக நிற்கும்போது, நீங்களும் வயலின் ஓசை வைத்து அதே காந்தாரத்தை அழுத்திப் பிடித்தால் அந்த 14 சென்ட் உறுத்தும். யாரோ சுருதி விலகுகிறார்கள் என்று கூட்டத்துக்குத் தோன்றும், யார் என்று தெரியாது. பழியைப் பாடகி சுமப்பார். அந்த இடத்தில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் வாசித்துவிட்டுக் காந்தாரத்தைப் பாடுகிறவரிடமே விட்டுவிடுங்கள்.

பயிற்சி எளிதுதான். சுருதி போட்டு சட்ஜத்தைப் பாடுங்கள். கொஞ்சம் விலகியிருந்தால் இரண்டு ஒலிக்கும் நடுவே ஒரு அலை எழும். 220 ஹெர்ட்ஸும் 222 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் நொடிக்கு இரண்டு அலை. நெருங்க நெருங்க அலை மெதுவாகி, சேர்ந்ததும் நின்றுவிடும். தினமும் பத்து நிமிடம் இந்த அலையைக் கேட்டு அடக்கிப் பழகினால் போதும். போனில் சுருதிச் செயலி வைத்திருப்பவர்கள் அதைப் போன் ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ஒரு கட்டையின் மந்தர சட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ், அந்தச் சின்ன ஸ்பீக்கரில் அது சரியாக வராது. இயர்போனோ, சுருதிப் பெட்டியோ வேண்டும்.

நம் பக்கத்துக்கென்று ஒன்று சொல்ல வேண்டும். விசைத்தறி ஓடும் குடோனில் இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். எட்டு மணி நேர வேலைக்குத் தொழிற்சாலை விதிகள் வைத்திருக்கும் எல்லையே அந்த 90-தான். ஷிப்டு முடித்து வெளியே வந்ததும் காது அடைத்தாற்போல் இருக்கிறதே, அந்த நேரத்தில் மெல்லிய ஒலிகளைக் காது உண்மையிலேயே பிடிக்காது. சில மணி நேரத்தில் தெளியும். இதே நிலை வருடக்கணக்கில் தொடர்ந்தால் தெளியாமலே போகலாம். முதலில் மங்குவது 4000 ஹெர்ட்ஸ் பக்கம். பேச்சு கேட்டுக்கொண்டிருப்பதால் நமக்கு அது உறைப்பதில்லை. ஆகவே சுருதிப் பயிற்சியை ஷிப்டுக்கு முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்டு முடிந்து வந்தால் தாளம் போடலாம், எழுதலாம். குடோனில் காதடைப்பான் போடுங்கள். கூட இருப்பவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும், வாசிக்கிறவருக்குக் காதுதான் முதல்.

குழலும் நாதஸ்வரமும் வாசிப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். காற்று சூடேறினால் ஊதுகருவியின் சுருதி ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 3 சென்ட். கம்பிக் கருவி நேர்மாறு, சூட்டில் தளர்ந்து இறங்கும். கீபோர்டு இரண்டுமின்றி 440-லேயே நிற்கும். மார்கழி விடியலில் ஒத்துப்போன குழல் சித்திரை மேடையில் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு இதுதான் காரணம், குழல்மேல் குறையில்லை. ஊதும் மூச்சுச் சூடு அந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் குறைக்கும், முழுதும் அல்ல. மேடை ஏறுமுன் குழலை ஊதிச் சூடாக்கிவிட்டு, கீபோர்டின் ட்யூனிங்கைக் குழலுக்கு நகர்த்துங்கள். 440-ஐ 442.5 ஆக்கினால் ஏறத்தாழ பத்து சென்ட் ஏறும்.

குழல் என்றதும் ஊர்ப் பெருமையைச் சொல்லாமல் போக முடியுமா? பல்லடம் என்ற பெயரைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுபோனவர் புல்லாங்குழல் வித்வான் பல்லடம் சஞ்சீவ ராவ். குழலைத் தனிக் கச்சேரிக் கருவியாக நிலைநிறுத்திய கும்பகோணம் சரப சாஸ்திரியின் சீடர். சரப சாஸ்திரிக்குக் கண்பார்வை கிடையாது. ஏட்டைப் பார்த்துப் படிக்க வழியில்லாத ஒருவரின் காதிலிருந்து வந்த வழி அது. குழலின் விரல் துளைகளை வரிசையாகத் திறந்துகொண்டே போனால் அரிகாம்போதிதான் வரும். மற்ற ராகங்களுக்கு வேண்டிய சுரங்களைப் பாதித் துளை மூடி, மூச்சை மாற்றித்தான் எடுக்க வேண்டும். அந்தப் பாதி எவ்வளவு என்பதைக் காதுதான் சொல்லும். சஞ்சீவ ராவின் பழைய பதிவுகள் சில இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. குழல்காரர்கள் தேடிக் கேளுங்கள்.

சுருதிக்கு அடுத்தது சுரத்தானம். பன்னிரண்டு இடம், பதினாறு பெயர். ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் ஏன் என்று மலைக்க வேண்டாம். ஒரு ராகத்தில் ரியும் இருக்க வேண்டும், கவும் இருக்க வேண்டும் என்பதால் வந்த ஏற்பாடு. சட்ஜத்தை சி-யில் வைத்தால் டி ஷார்ப் ஒரு ராகத்தில் சாதாரண காந்தாரம், இன்னொன்றில் ஷட்சுருதி ரிஷபம். பன்னிரண்டையும் கீபோர்டில் அழுத்தி வாயால் பாடுங்கள். அழுத்தினால் மட்டும் போதாது, பாட வேண்டும். கை செய்வதைத் தொண்டையும் செய்தால்தான் மண்டையில் நிற்கும்.

கூடவே கட்டைக் கணக்கு. ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரை கிடையாது, ஏனென்றால் இ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை. பாடகர் “ரெண்டரை” என்றதும் டிரான்ஸ்போஸ் பொத்தானுக்குக் கை போகிறதா? போகட்டும், மேடையில் நேரம் கிடையாது. வீட்டில் மட்டும் அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். ஒரு பாட்டை எடுத்துக்கொண்டு ஒரு கட்டையிலும், இரண்டிலும், ஐந்தரையிலும் வாசியுங்கள். சட்ஜம் எங்கே போனாலும் மற்றவற்றின் தூரம் மாறாது என்பதைக் கை தானே கண்டுகொள்ளும். இடைவெளி என்று மேற்கத்தியப் புத்தகங்கள் ஒரு அத்தியாயம் முழுக்க எழுதுவது இதைத்தான்.

தாளத்துக்கு வருவோம். இங்கேதான் நம் பக்கத்துக்காரர்கள் தங்களைக் குறைவாக எடைபோட்டுக்கொள்கிறார்கள். ஜமாப் அடிப்பவர், பறை அடிப்பவர், கும்மிக்குக் கை தட்டும் அம்மணி ஆகியோரிடம் “உங்களுக்குத் தாளம் தெரியுமா” என்றால் “அதெல்லாம் தெரியாதுங்க” என்பார்கள். அடிக்கச் சொன்னால் மூன்றும் நான்கும் பிசகாமல் விழும். அவர்களுக்குத் தேவை ஐந்து சொற்கட்டுகள்தாம். தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகிடதகதிமி ஏழு, தகதிமிதகதகிட ஒன்பது. இவையே திசிரம், சதுசிரம், கண்டம், மிசிரம், சங்கீர்ணம். கும்மிப் பாட்டுகளில் பெரும்பாலானவை மூன்றன் நடை. வாயில் தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே கை தட்டிப் பாருங்கள். வருடக்கணக்காகத் தட்டிக்கொண்டிருந்தது திசிரம் என்பது தெரிந்துவிடும்.

மெல்லிசைக் குழுக்களில் அடிக்கடி வரும் சண்டை ஒன்று இதனால் தீரும். டிரம்ஸ்காரர் சிக்ஸ்-எய்ட் என்பார், கிட்டார்காரர் த்ரீ-ஃபோர் என்பார். எண்ணினால் இரண்டிலும் ஆறு. சிக்ஸ்-எய்ட்டில் அந்த ஆறு மூன்று மூன்றாகப் பிரிகிறது, அடி இரண்டு. த்ரீ-ஃபோரில் இரண்டிரண்டாகப் பிரிகிறது, அடி மூன்று. தகிட தகிட என்று சொன்னால் பாட்டு உட்காருகிறதா, தக தக தக என்றால் உட்காருகிறதா? வாய் சொல்லிவிடும், சண்டை வேண்டாம்.

ஆதி தாளத்தைக் கையால் போட்டுக்கொண்டே தெரிந்த பாட்டைப் பாடப் பழகுங்கள். காலால் தட்டுவதைக் கணக்கில் எடுக்காதீர்கள். கால் பாட்டின் பின்னாலேயே ஓடும், தப்பைக் காட்டிக்கொடுக்காது. பாடும்போது எடுப்பு எங்கே என்று பாருங்கள். தாளத்தின் முதல் அடியிலேயே பாட்டு தொடங்கினால் சமம். தாளம் தொடங்கிக் கொஞ்சம் தள்ளிப் பாட்டு வந்தால் அநாகதம். பாட்டு முந்திக்கொண்டால் அதீதம். பல்லவி திரும்பும்போது குழு தடுமாறுவதெல்லாம் எடுப்பைக் கவனிக்காத இடத்தில்தான்.

கொஞ்சம் ஆசையிருந்தால் ஒரு மோரா கட்டிப் பாருங்கள். ஆதி தாளத்தில் எட்டு அடி, ஒரு அடிக்கு நான்கு மாத்திரை என்றால் 32. தகதகிட மூன்று முறை, நடுவே ஒவ்வொரு மாத்திரை இடைவெளி. ஐந்து, ஒன்று, ஐந்து, ஒன்று, ஐந்து, ஆக 17. அப்படியானால் 15 மாத்திரை விட்டு 16-ல் தொடங்க வேண்டும், முடிந்ததும் சமத்தில் வந்து விழும். இந்தக் கூட்டல் கழித்தல் தெரிந்தவர் தவில்காரர் தீர்மானம் வைக்கும்போது வாயைப் பிளந்துகொண்டு நிற்க மாட்டார், கூடவே எண்ணுவார். 35 தாளப் பட்டியல் இப்போது வேண்டாம். ஆதி, ரூபகம், ஏழு மாத்திரை மிசிர சாபு, ஐந்து மாத்திரை கண்ட சாபு, இந்த நான்கும் கையில் நின்றால் நீங்கள் வாசிக்கும் பாட்டில் பெரும்பகுதி அடங்கிவிடும்.

ராகத்தில் பெரியவர்கள் செய்யும் பிழை, ஆரோகண அவரோகணம் தெரிந்ததும் ராகம் தெரிந்துவிட்டதாக நினைப்பது. 30 கவுண்ட் நூல் என்று சொன்னால் போதுமா? அதே நூலில் சிங்கிள் ஜெர்சியும் ஓடும், ரிப்பும் ஓடும், துணி வேறு. ஆரபிக்கும் தேவகாந்தாரிக்கும் ஏறுவதும் இறங்குவதும் ஒன்றுதான். ஒன்று நேராக, விறுவிறுப்பாகப் போகும். மற்றது இழுத்து, அசைத்து, நின்று போகும். எந்தச் சுரத்தில் நிற்கலாம், எதை அசைக்க வேண்டும், எந்தப் பிடி வந்தால் பெயர் சொல்லலாம் என்பது அட்டவணையில் இல்லை. தோடியின் காந்தாரத்தைக் கீபோர்டில் அசைக்காமல் அழுத்தினால் சுரத்தானம் சரிதான், தோடி மட்டும் இருக்காது.

எனவே வருடத்துக்கு ஐந்து ராகம் போதும். மாயாமாளவகௌளை, மோகனம், சங்கராபரணம், கல்யாணி, கரகரப்பிரியா. ஒவ்வொன்றுக்கும் ஒரு கீர்த்தனை, தெரிந்த ஒரு சினிமாப் பாட்டு, இரண்டையும் சுரமாகப் பாடத் தெரிய வேண்டும். கல்யாணிக்கு “சிந்து பைரவி” (1985) படத்தின் ‘கலைவாணியே’ நல்ல பாடம். மெட்டு முழுக்க ஆரோகணமாகவே போகிறது. ஒரு கட்டுப்பாட்டுக்குள் ராகம் எவ்வளவு நிற்கும் என்பதைக் காட்டுகிற பாட்டு. மோகனம் பிடிபட்டதும் ஒரு விளையாட்டு உண்டு. சுருதியை மாற்றி, மோகனத்தின் ரிஷபத்தைச் சட்ஜமாக வைத்து அதே ஐந்து கட்டைகளை வாசித்தால் மத்தியமாவதி. காந்தாரத்தை வைத்தால் இந்தோளம், பஞ்சமத்தை வைத்தால் சுத்த சாவேரி, தைவதத்தை வைத்தால் சுத்த தன்யாசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கு எனக்குத் தெரியாது.

கார்டு வாசிப்பவர்களுக்கு ராகம் தெரிந்த பிறகுதான் உண்மையான வேலை. ச-க-ப, காந்தாரம் அந்தரமானால் மேஜர், சாதாரணமானால் மைனர். இது தெரியாதவர் குறைவு. அடுத்த படி, ராகத்துக்குள் எந்தக் கார்டு அடங்கும் என்று நீங்களே கணக்குப் போடுவது. சி-யில் சங்கராபரணம் என்றால் சி, எஃப், ஜி மூன்றும் மேஜர், வசதியாக வாசிக்கலாம். அதே பழக்கத்தில் கல்யாணிக்கு எஃப் மேஜர் போட்டால் ராகத்தில் இல்லாத சுத்த மத்திமம் நுழைந்து கெடுக்கும். கல்யாணிக்கு டி மேஜர் பொருந்தும், அதில் எஃப் ஷார்ப் என்கிற பிரதி மத்திமம் இருக்கிறது. மோகனத்தில் முழுதாக அடங்குவது சி மேஜரும் ஏ மைனரும் மட்டுமே. ஜி மேஜருக்கு வேண்டிய நிஷாதம் அங்கே இல்லை. அடங்காத கார்டைப் போடவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன், தெரிந்து போடுங்கள். விருத்தம் பாடும்போது மட்டும் கார்டு எதுவும் வேண்டாம். கையை மடியில் வைத்துக்கொள்வதும் வாசிப்புதான்.

எழுதும் முறையை ஒரு வாரத்தில் பிடித்துவிடலாம். மேலே புள்ளி தார ஸ்தாயி, கீழே புள்ளி மந்தரம். காற்புள்ளி ஒரு மாத்திரை நீட்டல், அரைப்புள்ளி இரண்டு. சர்ச்சில் டோ-ரே-மி எழுத்தில் பாடுகிறவர்களுக்கு இது இன்னும் சுலபம், இடம் மாறும் டோ நம் சட்ஜம்தான். ஸ்டாஃப் நொட்டேஷன், ரெக்கார்டிங்குக்கோ பெரிய குழுவுக்கோ போகிறவருக்கு அவசியம், மற்றவர்களுக்கு அவசரமில்லை. ஒரு வாரத்துக்கு ஒரு பாட்டைக் கேட்டு நீங்களே சுரம் எழுதுங்கள். அடுத்தவர் எழுதியதை இணையத்தில் இறக்கி வாசிப்பதைவிட இது பத்து மடங்கு மெதுவாக நடக்கும், பத்து மடங்கு நிற்கும்.

தள்ளிப்போட வேண்டியவற்றில் பெரியது சுருதிகள் 22-ஆ 24-ஆ என்ற வழக்கு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சொந்தப் பணத்தில் மாநாடு கூட்டி, 1917-ல் “கருணாமிர்த சாகரம்” என்ற பெரும் நூலையே வெளியிட்டு 24-க்காக வாதாடினார். அந்த உழைப்புக்கு எழுந்து நின்று கும்பிடலாம். ஆனால் காந்தாரத்தின் 14 சென்ட்டைக் காது பிரித்தறியாத நிலையில் அந்த நூலைத் திறந்தால் எண்கள்தாம் மிஞ்சும். பேராசிரியர் சாம்பமூர்த்தியின் ஆங்கில நூல், ஆறு தொகுதிகள் கொண்ட “சவுத் இந்தியன் மியூசிக்”, முதல் இரண்டு தொகுதிகளை அருகில் வைத்துக்கொண்டு சந்தேகம் வரும்போது மட்டும் புரட்டுங்கள். கதைப்புத்தகம்போல் தொடர்ந்து படிக்க வேண்டாம்.

கடைசியாக ஆசிரியர். சனிக்கிழமை சம்பளத்தில் எடுத்துவைக்கும் பணம் வீணாகக் கூடாது. முதல் வகுப்பிலேயே நீங்கள் வாசிக்கும் பாட்டு ஒன்றைக் கேட்கச் சொல்லுங்கள். கேட்டுவிட்டு உங்கள் சுருதியைப் பற்றியோ எடுப்பைப் பற்றியோ ஏதாவது சொன்னாரென்றால் சேருங்கள். கேட்காமலே சரளி வரிசை நோட்டை நீட்டினால் வேறு இடம் பாருங்கள். மாதம் நான்கு வகுப்பு போதும், ஆனால் நடுவில் பாடிப் பதிவு செய்து வாட்ஸப்பில் அனுப்பினால் கேட்டுத் திருத்துவாரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். ஆர்டர் நெருக்கி ஓவர்டைம் விழும் மாதத்தில் வகுப்பு தவறினால் கட்டணம் எப்படி என்பதையும் அப்போதே பேசிவிடுவது நல்லது.